மழைக்குப் பின்னாடியே போற வண்டி

இல்லண்ணே, இழுத்துக்கிட்டுப் போற கேரவன் வேண்டவே வேண்டாம். அழகாத்தான் இருக்கு, நான் இல்லங்கல. ஜன்னலும் சோபாவுமா குட்டி வீடு கணக்கா ஜோராத்தான் இருக்கு. ஆனா நான் முன்னாடி கார்ல உக்காந்து ஓட்டணும், தம்பி பின்னாடி அந்தப் பெட்டிக்குள்ள தனியா இருக்கணும். அது சரிப்படாது. கார்ல பக்கத்துல உக்கார வெச்சுக்கறதா? நாள் பூராவுமா? அவன் மாத்திரை போடறான்ணே, பாதி நேரம் படுத்துத்தான் இருப்பான். கால் நீட்ட இடம் வேணும்.

ஒரே உடம்பா இருக்கிற வண்டிதான் எனக்கு. ஓட்டற சீட்டும் வீடும் ஒண்ணா இருக்கணும், நடுவுல தடுப்பு கிடுப்பு எதுவும் கூடாது. நான் ஸ்கூல் பஸ் ஓட்டறவ. இத்தனை வருஷத்துல ரோட்டைப் பார்த்ததைவிட உள் கண்ணாடியைப் பார்த்ததுதான் ஜாஸ்தி. எந்தப் பய எவன் டிபன் பாக்ஸைப் பிடுங்கறான்னு திரும்பாமலே சொல்லிடுவேன். அதே மாதிரி கண்ணாடி இதுலயும் வேணும், பெருசா. கடைசி மூலை வரைக்கும் தெரியணும்.

அய்யய்யோ, சிகரெட் வேண்டாம்ணே. கோவிச்சுக்காதீங்க. உங்க பட்டறை, உங்க ஆபீஸ், நான் யாரு சொல்றதுக்கு? இருந்தாலும் வேண்டாம். ஆஸ்துமாவா? ஆங், அப்படித்தான் வெச்சுக்கங்களேன். அந்த லைட்டரையும் பாக்கெட்ல போட்டுக்கங்க, மேஜை மேல வேண்டாம். சரி சரி, அப்புறமா போட்டுக்கங்க, மறந்துடாதீங்க.

தம்பியா? அதோ பெஞ்சுல நீலச் சட்டை போட்டுக்கிட்டு உக்காந்திருக்கானே, அவன்தான். முப்பதைத் தாண்டியாச்சு. பார்த்தா சொல்ல மாட்டீங்க. சாது. ஒரு அதட்டல் போட மாட்டான், ஒருத்தரைக் கை நீட்டி அடிச்சதில்ல. பேப்பர் குடுத்தா மடிச்சு மடிச்சு ஏதாவது செஞ்சுக்கிட்டே இருப்பான். அங்க அப்படி என்னத்தைப் பார்க்கறான்னா கேக்கறீங்க? உங்க ஆளு வெல்டிங் பண்ணிக்கிட்டிருந்தாருல்ல, அதை. அவர் சாப்பிடப் போய் எவ்வளவு நேரமாச்சு, இவன் இன்னும் அந்த இடத்தையே பார்த்துக்கிட்டிருக்கான்.

ஊர் சுத்தற ஆசையெல்லாம் இல்லண்ணே. வீடு கிடைக்கல, அதான் விஷயம். இப்ப இருக்கிற வீட்டையும் மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டாங்க. அவங்களைத் தப்பு சொல்ல மாட்டேன். நாங்க போற இடத்துலல்லாம் ஏதாவது ஒண்ணு ஆயிடுது. ஒரு இடத்துல குப்பைத் தொட்டி. ஒரு இடத்துல கீழ் வீட்டுக்காரரோட ஸ்கூட்டர். நாங்க சாமான் இறக்கறதுக்குள்ள எங்களைப் பத்தின பேச்சு அந்தத் தெருவுக்குப் போய்ச் சேந்துடுது. இந்த வண்டியும் அமையலன்னா அவனைக் கம்பி போட்ட இடத்துல கொண்டுபோய் அடைச்சுடுவாங்க. ஒரு தடவை அங்க இருந்தான். திரும்பி வந்தப்போ எலும்பும் தோலுமா, என்னையே யாருன்னு தெரியாம முழிச்சான். எனக்குன்னு இருக்கிறது அவன் ஒருத்தன்தான்ணே. விட்டுடுவேனா?

வாங்க, அந்த வெள்ளை வண்டியைப் பார்த்துக்கிட்டே பேசுவோம். பரவால்ல, வெயில்தானே. இன்னிக்குக் காத்து என்ன இப்படி அனலா அடிக்குது? இந்த மாதிரி நாள்ல நான் அவனை வெளில கூட்டிக்கிட்டே வர மாட்டேன். வீட்ல தனியா விடவும் முடியல. பக்கத்து வீட்டுக்காரங்க கேட்டுக்கு முன்னாடி நாற்காலி போட்டு உக்காந்து எங்க கதவையே பார்க்கறாங்க.

மாடியில யாரு, உங்க வீடா? துணி காயுது. ஓ, ரெண்டும் பொண்ணுங்களா, இப்ப மேலதான் இருக்காங்களா, நல்லது. படி பின்னாடி மட்டும்தானா? முன்னாடி பூரா ஃபோமும் பெயிண்ட் தின்னர் டின்னுமா அடுக்கி வெச்சிருக்கீங்களே. படி இறங்கி வெளில வர்ற அந்தப் பின்னாடி ஷட்டர்ல ஏன்ணே இவ்வளவு பெரிய பூட்டு? பேட்டரி திருடு போச்சா? சாவி அந்த வெல்டிங் பண்றவர்கிட்டயா? அவர் சாப்பிடப் போனா சாவியும் கூடவே சாப்பிடப் போகுமா? நல்லாருக்குங்க உங்க ஏற்பாடு. எங்க பஸ்ல அவசரக் கதவுக்கு முன்னாடி ஒரு புத்தகப் பை இருந்தாக்கூட நான் வண்டி எடுக்க மாட்டேன். பேச்சுக்குச் சொல்லல, வெல்டிங்காரர் வந்ததும் முதல் வேலையா திறந்து போடுங்க.

ம், வண்டி நல்லாத்தான் இருக்கு. ஏறிப் பார்க்கறேன். தலை இடிக்கல. எங்க போகப் போறோம்னு கேட்டீங்கல்ல? மழை எங்கயோ அங்க. எல்லாரும் ஊர் பார்க்கப் போவாங்க, கடற்கரை, மலைன்னு. நாங்க மழை தேடிப் போறோம். ஒரு பக்கம் மழை விட்டுச்சுன்னா அடுத்த பக்கம் ஆரம்பிக்கும். அங்கயும் விட்டா மலைமேல பனி. அப்படியே பின்னாடியே போயிக்கிட்டு இருக்கணும். நடுவுல அந்த வறண்ட காட்டு ரோடு ஒண்ணு வருது, அதை மட்டும் நிக்காம தாண்டிடணும். அதுக்குத்தான் கூரை ரெட்டையா வேணுங்கறேன், உள்ள சூடு ஏறக்கூடாது. அவனுக்கு ஈரம் ஒத்துக்கும்ணே. மழை நாள்ல அவனைப் பார்க்கணுமே, நல்லாத் தூங்குவான், நல்லாச் சாப்பிடுவான், கேட்டதுக்குப் பதில் சொல்லுவான். காத்து காஞ்சு போச்சுன்னா விரலைத் தேய்ச்சுக்கிட்டே உக்காந்திருப்பான். இந்தக் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும், இப்படி.

கேஸ் வேண்டாம். அடுப்புக்கும் வேண்டாம், ஹீட்டருக்கும் வேண்டாம். தெரியும்ணே, குளிர்ப் பக்கம் போனா எல்லாரும் கேஸ் ஹீட்டர்தான் போடறாங்க. டீசல் ஹீட்டரும் வேண்டாம், அதுக்குள்ளயும் எரியத்தானே செய்யும். கரண்ட்ல என்ன முடியுமோ அது மட்டும். மழையில சோலார் சார்ஜ் ஏறாதுன்னு எனக்கும் தெரியும். வண்டி ஓடினா பேட்டரி ஏறுமில்ல? நான் ஓட்டிக்கிட்டே இருப்பேன். நிக்கிற இடத்துல கரண்ட் இருந்தா சொருகிக்கறேன், இல்லன்னா ரெண்டு கம்பளி போத்திக்கிட்டுப் படுக்கறோம். குளிர்ல யாரும் அவ்வளவு சீக்கிரம் செத்துடறதில்ல.

அப்புறம் இந்த பிளைவுட் அலமாரி, இந்த ஃபோம் மெத்தை, திரைச்சீலை எல்லாத்தையும் கழட்டிடுங்க. சுவருக்குத் தகடு. தகட்டுக்கு உள்பக்கம் ஃபோம் ஒட்டாதீங்க, அந்த ராக்வூல்னு ஒரு பஞ்சு வருமே, பாய்லரைச் சுத்திக் கட்டுவாங்களே, அது. அரிக்குமா? தகடு மூடிடுமில்ல, அரிக்கட்டும். குளிர்ல தகடு வேர்த்து உள்ள சொட்டுமா? சொட்டட்டும்ணே. எவ்வளவு சொட்டுதோ அவ்வளவு நல்லது. நீங்க என்னைப் பைத்தியம்னு நினைக்கிறீங்க, உங்க முகத்துலயே எழுதி ஒட்டியிருக்கு.

தண்ணித் தொட்டி இருக்கிறதுலயே பெருசு. குழாய் கடைசி படுக்கை வரைக்கும் எட்டணும். குளிக்கத்தான், வேற எதுக்கு?

அளவு எடுக்கணுமா? டேப்பை ஆபீஸ்லயே விட்டுட்டீங்களா? நீங்க இருங்க, தம்பி கொண்டு வருவான். தம்பீ, மேஜை மேல அண்ணனோட டேப் இருக்கும் பாரு, எடுத்துட்டு வா. பாருங்க, உடனே எந்திரிச்சுட்டான். சொன்ன வேலையைத் தட்டவே மாட்டான். குடுடா, அண்ணன்கிட்ட குடு. போய் உக்காரு, இதோ முடிஞ்சிடும். போகலாம், போகலாம்.

நீங்க அளங்க. என் படுக்கை கதவுக்குக் குறுக்கால வரணும். யார் எழுந்து வெளில போனாலும் என்னை மிதிச்சுட்டுத்தான் போகணும். கதவுக்கு எங்க பஸ்ல இருக்கிற மாதிரி பஸ்ஸர் வைங்க, திறந்த உடனே ஊருக்கே கேக்கற மாதிரி கத்தணும். கூரையில ஒரு ஜன்னல், கையால தள்ளினா திறக்கணும்.

வெளில இருந்து தாழ்ப்பாளா? வேண்டாம். இல்லண்ணே, நீங்க நல்ல எண்ணத்துலதான் சொல்றீங்க, புரியுது. பூட்டு மட்டும் வேண்டாம். எந்தக் கதவையும் பூட்டற மாதிரி செய்யாதீங்க, அப்படி இருந்தா வண்டியே எனக்கு வேண்டாம்.

எங்க அப்பா பூட்டினாரு. தம்பி வெளில போயிடக்கூடாதுன்னு தினம் கிரில் கதவைப் பூட்டிடுவாரு. சாவியை ஒரே இடத்துல வெச்சா அவன் கண்டுபிடிச்சுடுவானாம், அதனால தினம் ஒரு இடத்துல ஒளிப்பாரு. அரிசி டின்ல, ஷூவுக்குள்ள, காலண்டர் பின்னாடி. மறதி வேற. காலைல நான் டியூட்டிக்குக் கிளம்பறப்போ சாவியைத் தேடறதே ஒரு கூத்தா இருக்கும். அம்மா திட்டுவா, நான் சிரிப்பேன். என்னை வெளில விட்டுட்டுத் திரும்பப் பூட்டி, திரும்ப ஒளிச்சுடுவாரு.

அன்னிக்கும் அப்படித்தான் கிளம்பிப் போனேன். பஸ் நிறையப் பிள்ளைங்க. எங்க தெரு முனையில திரும்பறப்போ, புகை புகைன்னு கத்துதுங்க, ஒரே குஷி. எங்க வீடு. பஸ்ஸை நடு ரோட்ல விட்டுட்டு நான் ஓடிட்டா பிள்ளைங்களை யாரு பார்க்கறது? ஓரமா நிறுத்தி, பிள்ளைங்களை இறக்கி, கடைக்காரம்மாகிட்ட நிக்க வெச்சுட்டு ஓடினேன். அதுக்குள்ள முடிஞ்சு போச்சுண்ணே. ரெண்டு பேரும் கிரில்கிட்டதான் கிடந்தாங்க. அப்பா கையில சாவி இல்ல. தேடிக்கிட்டே இருந்திருப்பாரு. எனக்கு இன்னும் நெஞ்சு ஆறல, ஆறவும் ஆறாது.

தம்பியா? அவன் பாத்ரூம் ஜன்னல் கண்ணாடிப் பட்டையை ஒண்ணொண்ணா உருவி, உடையாம கீழ அடுக்கி வெச்சுட்டு, அது வழியா வந்திருக்கான். எதிர் வீட்டுச் சுவர் மேல உக்காந்திருந்தான். என் பஸ்ஸைப் பார்த்ததும் கையாட்டினான். அவன் யாருக்கும் கையாட்ட மாட்டான்ணே. சின்ன வயசுல கூட்டத்துல நின்னாக்கூட கையைக் கட்டிக்கிட்டுத்தான் நிப்பான். அன்னிக்கு ஆட்டினான். அப்புறம் அந்த ஸ்கூட்டர் எரிஞ்சப்போ ஆட்டினான். வேணும்னு கெடுதல் செய்யறான்னு நீங்க நினைக்காதீங்க. அவனுக்கு அது அழகா இருக்கு, நானும் வந்து பார்க்கணும்னு கூப்பிடறான், அவ்வளவுதான்.

ஏன் இப்படிப் பார்க்கறீங்க? வேலையை எடுத்துக்க மாட்டேன்னு சொல்லிடாதீங்க. நாலு பட்டறை ஏறி இறங்கிட்டேன். உண்மையைச் சொன்ன இடத்துல போகச் சொன்னாங்க, சொல்லாத இடத்துல கேஸ் அடுப்புதான் வைப்போம்னாங்க. உங்ககிட்ட ஏதோ சொல்லணும்னு தோணுச்சு.

இருங்க, ஓட்டற சீட்ல ஒரு தடவை உக்காந்து பார்த்துடறேன். நல்லாருக்கு. கிளட்ச் எட்டுது. பக்கத்துக் கண்ணாடியைக் கொஞ்சம் வெளில தள்ளணும். ம், இப்ப பெஞ்சு தெரியுது.

பெஞ்சுல இல்லையே.

அண்ணே, அந்த லைட்டரைப் பாக்கெட்ல போட்டீங்கதானே? தொட்டுப் பாருங்க. இன்னொரு பாக்கெட்ல? டேப்புக்குப் பக்கத்துலயா வெச்சீங்க?

சரி. கத்தாதீங்க. நீங்க கத்தினா அவன் மிரண்டு ஓடிடுவான், அப்புறம் பிடிக்க முடியாது. தெரியறான், கண்ணாடியில தெரியறான், உங்க காம்பவுண்டு சுவர் மேல உக்காந்திருக்கான். நம்ம வண்டியைத்தான் பார்க்கறான்.

கையாட்டறான்ணே.

நான் திருப்பிக் கையாட்டிக்கிட்டே இருக்கேன், அவன் அங்கேயே இருப்பான். நீங்க இந்தப் பக்கக் கதவு வழியா இறங்கிப் போய், ஒரு கடப்பாரை எடுத்து, அந்தப் பின் ஷட்டர் பூட்டை உடைங்க.