நல்ல காலை அடக்கித் தாண்டியவரும் எங்கள் டெய்லரம்மாவும்

ஊன்றுகோலோடு வந்தவர்களை ஓட்டத்தோடு வழியனுப்பிய பெருந்தகையே! கழுத்தில் எந்நேரமும் அளவு டேப் தொங்கியதால் விளையாட்டு வீரர்களிடம் ‘டெய்லரம்மா’ என்று செல்லப்பெயர் பெற்ற எங்கள் இயன்முறை மருத்துவப் பிரிவின் தலைவியே! பணிநிறைவு பெறும் இந்நாளில் எங்கள் நெஞ்சார்ந்த வணக்கம்!

முழங்கால் தசைநார் அறுவை செய்துகொண்டவரை ஒவ்வொரு காலாலும் தனித்தனியே தாண்டச் சொல்லி, டேப்பால் தூரத்தை அளந்து, அறுவை செய்த கால் நல்ல காலுக்கு ஈடாகத் தாண்டினால் மட்டுமே களத்துக்கு அனுப்புவது நம் வழக்கம். அந்த வழக்கத்திலும் ஓர் ஓட்டை உண்டு என்பதைக் காட்டியவர் ஒரு கைப்பந்து வீராங்கனை, கண்டுபிடித்தவர் நீங்கள்.

அவருக்கு மறுவாரம் அணித் தேர்வு. இரு கால்களும் சமமாகத் தாண்டியதும் நாங்கள் கைதட்டினோம். "அப்புறம் என்ன மேடம், கையெழுத்தப் போடுங்க" என்றார் பயிற்சியாளர்.

நீங்களோ டேப்பைச் சுருட்டினீர்கள். "டெஸ்ட் முடிஞ்சுதும்மா. இப்ப சும்மா ஒரு பந்தயம். நல்ல கால்ல அந்தச் சன்னல் வரைக்கும் தாண்ட உன்னால முடியாது."

"யாரால? என்னாலயா?" என்றவர், ஒரே தாண்டலில் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சற்றுமுன் அதே கால் அதில் முக்கால்வாசிதான் எட்டியிருந்தது! அறுவை செய்த காலோடு ஒத்துப்போக நல்ல காலை அடக்கியிருக்கிறார் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

"அடி கள்ளி! என் கண்ணுலயே மண்ணத் தூவப் பாத்தியா?" என்று சிரித்தீர்கள்.

அவர் அழுதார். "இந்த வருஷம் போனா அவ்ளோதான் மேடம்."

"வருஷம் போனா இன்னொண்ணு வரும். முட்டி போனா?"

கையெழுத்து விழவில்லை. அவர் உங்களோடு பேச்சை நிறுத்தினார், பயிற்சியை நிறுத்தவில்லை. முகம் திருப்பியவரிடமும் நீங்கள், "எறங்கறப்ப முட்டி உள்ள சாயுது பாரு" என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். அன்றுமுதல் நல்ல காலுக்குப் போட்டி வைத்தே அளக்கிறோம். துவைக்காத முழங்கால் உறையைக் கண்டால் மட்டும் பறந்துபோகும் அந்தப் பொறுமையை இனி எங்கே காண்போம்!

உடல்நலமும் உள்ளக்களிப்பும் குன்றாமல், மாடிப்படிகளை மளமளவென ஏறி இறங்கி, நெடுங்காலம் வாழ்க!

அந்த வீராங்கனையை இந்த அரங்கில் தேடாதீர்கள் மேடம். அழைத்தோம். "டெய்லரம்மா கோவிச்சுக்க மாட்டாங்க, சொல்லிடுங்க," என்றார். "இன்னைக்கு எனக்கு மேட்ச் இருக்கு."

என்றும் உங்கள் அன்பில்,
இயன்முறை மருத்துவப் பிரிவுப் பணியாளர்கள்