மோந்து பாத்துச் சொன்னவ

இல்லீங்க பூங்கொடியக்கா, இதுவும் அதே மாதிரிதான் வருது. மொதல்ல அடிச்ச செண்ட்டு பீச்சுப்பழம்னீங்க, இது லிச்சியும் ரோஜாவும்னீங்க. என் மூக்குக்கு ரெண்டும் ஒண்ணுதான், கல்யாண வீட்டு ஜூஸாட்டம். அந்தக் காப்பிக்கொட்டைய இப்டிக் குடுங்க, மூக்கு தெளிய மோந்துட்டு இன்னொருக்கா பாக்கறன்.

ஆருக்குன்னா கேட்டீங்க? தங்கச்சிக்குத்தான். அப்பவே நாத்தனாருக்குன்னா சொன்னன்? ஐயோ, என்னமோ ஒளர்றன் பாருங்க.

நீங்க இங்க இருக்கறது நம்ம கம்பெனி பஸ்ல பேசிக்கிட்டாங்க. பூங்கொடிக்கு செண்ட்டாலதான் வேல போச்சு, இப்ப பாகலூர் ரோட்டுல செண்ட்டே விக்கறாளாம்னு சிரிச்சாங்கக்கா. நான் சிரிக்கல. அதப் பெருமையாச் சொல்லிக்க எனக்கு என்ன யோக்கியத இருக்குது.

ஒக்காருங்களேன். நாள் பூரா நின்னுக்கிட்டிருந்தா காலு என்னத்துக்கு ஆவும்? அங்கயாச்சும் ஸ்டூலு இருந்துச்சு. புள்ளைங்க ரெண்டும் எங்க? விருதுநகருக்கே அனுப்பிட்டீங்களா? அடப் பாவமே, பெரியவன் நீங்க ஊட்டாம சாப்பிடவே மாட்டானே.

அந்த மூணாவது பாட்டிலு வேணாங்கக்கா. தொறக்காதீங்க. வேணாம்னு சொல்றன்ல... சரி, அடிச்சிட்டீங்க.

அன்னிக்கு கம்பெனில போன் கேமராவுக்கு லென்சு மாட்டற ரூம்ல சூப்பர்வைசர் மேடம் மோப்பம் புடிச்சிக்கிட்டே வந்து நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னாங்களே, நெனப்பிருக்குதா? ரூமுக்குள்ள செண்ட் போட்டுட்டு வந்தது ஆரு, லென்சு பூரா படலம் கட்டியிருக்குதுன்னு கத்துனாங்க. பையத் தொறந்தா ஒங்க பையில பாட்டிலு. ஞாயித்துக்கெழம போட்டது மேடம், இன்னிக்குப் போடலன்னு அழுதீங்க. நீயே மோந்து பாத்துச் சொல்லுடி மாதேசுன்னு எங்கிட்ட கைய நீட்டுனீங்க. நானும் மோந்தன். வருது மேடம்னு சொன்னன்.

ஐயோ, அப்டிச் சொல்லாதீங்கக்கா. நீங்க போயி, எல்லாம் ஒரே வாசனையா இருக்குது, மேடமுக்கே தெரியல, நீ என்ன பண்ணுவ, உம்மேல கோவமில்லன்னு சொல்றத என்னால கேக்க முடியல. பேசாம நாலு வார்த்த திட்டிருங்க.

எனக்கு அன்னிக்கு ஒரு கொழப்பமும் இல்லக்கா. சூளகிரில காத்தால மாட்டுக் கொட்டாய வழிச்சிப் போட்டுட்டுத்தான் நான் பஸ் ஏறுவன். ஏறுனா கூட வேலைக்கு வர்ற புள்ளைங்க மூக்கப் பொத்திக்கும். எம்பக்கத்துல ஒக்காந்தது நீங்க ஒருத்தருதான். வெக்கம் தாங்காம அந்த வாரம்தான் இதே மூணாவது பாட்டிலு செண்ட்ட வாங்கி, யூனிபாரத்துக்கு உள்ள அடிச்சிக்கிட்டு வந்தன்.

ஒங்க கையில அன்னிக்கு வெறும் சோப்பு வாசனைதாங்கக்கா வந்துச்சு.