சாப்பாட்டுக் கூடத்தின் காற்று

காலையில் ஐந்தரைக்கு எழுந்துவிடுவேன். பல் துலக்கி, பால் காய்ச்சி, காபி போட்டுக்கொள்வேன். சில நாள் கை மறந்து இரண்டு டம்ளருக்குப் பால் வைத்துவிடும். இரண்டையும் நானே குடித்துவிடுவேன், எதையும் வீணாக்குவது எனக்குப் பிடிக்காது. பிறகு துணி துவைப்பேன். சட்டை ஒன்று, பேண்ட் ஒன்று, துண்டு ஒன்று. கடைசியாக, படுக்கையறை மூலையில் இருக்கும் ஆக்ஸிஜன் இயந்திரத்தின் வடிகட்டியைக் கழற்றிக் கழுவி வெயிலில் வைப்பேன். இயந்திரத்தை இப்போது யாரும் பயன்படுத்துவதில்லை. இருந்தாலும் வடிகட்டி என்றால் சுத்தமாக இருக்க வேண்டும். அது என் தொழில்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், ஐயா, தங்கள் அலுவலகம் கொடுத்த படிவத்தில் 'விண்ணப்பதாரர் பற்றிய சிறு குறிப்பு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. நான் ஒழுங்கானவன் என்று அதில் தெரிவித்துக்கொள்கிறேன். கட்டத்தில் இடம் போதாததால் மிச்சத்தைத் தனித் தாளில் எழுதி இணைத்திருக்கிறேன்.

என் மனைவி கல்நார்த் தூசி நுரையீரலில் படிந்து இறந்தாள். வயது முப்பத்தெட்டு. ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடு செய்யும் தொழிற்சாலையில், கல்நார் மூட்டை பிரிக்கும் கூடத்தில், பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவள். உயிரோடு இருந்தபோது அவள் கேட்ட இழப்பீட்டைத் தங்கள் அலுவலகம் மறுத்துவிட்டது. இப்போது வாரிசு என்ற முறையில் நான் மேல்முறையீடு செய்கிறேன். மறுத்ததற்குக் காட்டப்பட்ட காரணம் இரண்டு: தொழிற்சாலையின் தூசி அளவுப் பதிவேடு, அவளுடைய பழைய வேலைக் கோட்டு. இரண்டையும் நம்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பதிவேட்டை எழுதியவன் நான். கோட்டைத் துவைத்தவனும் நான்.

முதலில் பதிவேடு. வேதியியலில் பட்டம் வாங்கிய கையோடு அந்தத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் சேர்ந்தேன். மாதம் ஒரு நாள் ஒரு தொழிலாளியின் இடுப்பில் உள்ளங்கை அளவு பம்பு ஒன்றைக் கட்ட வேண்டும். அதிலிருந்து ஒரு குழாய் தோளுக்கு மேல் வந்து சட்டைக் காலரில் நிற்கும். குழாய் முனையில் ஒரு வடிகட்டி. அந்த ஆள் எட்டு மணி நேரம் சுவாசிக்கும் காற்றைத்தான் அதுவும் இழுக்கும். மாலையில் வடிகட்டியை நுண்ணோக்கியில் வைத்துக் கல்நார் இழைகளை எண்ணிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும்.

முதல் மாதம் உண்மையாகவே எண்ணினேன். மேனேஜர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தம்பி, காலேஜ்ல நல்லா எண்ணக் கத்துக் குடுத்திருக்காங்க. இங்க கொஞ்சம் மறக்கக் கத்துக்கணும்."

நான் மறுத்தேன். எண்ணாத எண்ணை எழுதமாட்டேன் என்றேன். அன்றிலிருந்து இன்றுவரை எழுதியதும் இல்லை. அந்தப் பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு எண்ணும் நான் எண்ணியது. நான் செய்தது வேறு. பம்பு கட்டிய ஆளைச் சாப்பாட்டுக் கூடத்தில், ஜன்னலோரம், எட்டு மணி நேரம் உட்காரவைத்தேன். அங்கே காற்று அருமையாக இருக்கும்.

உட்காரவைக்க ஆள் வேண்டும், வெளியே உளறாத ஆளாக வேண்டும். மூட்டை பிரிக்கும் கூடத்தில் ஒரு பெண், தலை முதல் கால் வரை வெள்ளைத் தூசியோடு, கண் மட்டும் தெரிய நின்றுகொண்டிருந்தாள். பம்பைக் கட்டும்போது கேட்டாள்.

"என்ன லேப் சார், மாட்டுக்கு மணி கட்டுற மாதிரி கட்டுறீங்க? தொலைஞ்சு போயிட்டா சத்தம் வச்சுக் கண்டுபிடிப்பீங்களா?"

அடுத்த மாதமும் அவளையே கூப்பிட்டேன். அதற்கடுத்த மாதமும். பம்பு ஓடுகிறதா என்று மணிக்கு ஒரு தரம் போய்ப் பார்ப்பது என் கடமை. நான் அரை மணிக்கு ஒரு தரம் போனேன்.

"மாசத்துல ஒரு நாள் நான் மகாராணி" என்றாள் ஒருமுறை, ஜன்னலோரம் காலை நீட்டிக்கொண்டு.

"மத்த நாள்?"

"மத்த நாள் மாவு மில்லு எலி."

எங்கள் காதல் முழுக்க வேலை நேரத்தில், நிறுவனத்தின் செலவில் நடந்தது. கல்யாணத்துக்கு மேனேஜரும் வந்திருந்தார். அந்த வருடமே தொழிற்சாலைக்குச் 'சுத்தமான பணியிடம்' என்று ஒரு கேடயம் கிடைத்தது. பம்பு மாட்டிய கோலத்தில் அவளைப் படமெடுத்துப் பெரிதாக்கி வாசலில் ஒட்டினார்கள். படத்துக்காக முகத்தைக் கழுவச் சொன்னார்கள். பத்தொன்பது வருடத்தில் அந்த வாசலுக்குள் அவள் முகம் சுத்தமாக இருந்தது அந்தப் படத்தில் மட்டும்தான்.

கல்யாணத்துக்குப் பிறகு, தன்னை வேறு பகுதிக்கு மாற்றச் சொல்லிக் கேட்டாள். நியாயமான கோரிக்கை. நான் யோசித்தேன். பதிவேட்டில் மூட்டை பிரிக்கும் கூடம் என்ற பகுதிக்கு நேரே மாதாமாதம் அவள் பெயர்தான் இருந்தது. ஆள் மாறினால் எண்களை ஒப்பிட முடியாது, பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வரும். அறிவியலில் தொடர்ச்சி முக்கியம் என்று அவளுக்கு விளக்கினேன். "சரிங்க, உங்க அறிவியலுக்கு நான் குறுக்க நிக்கல" என்றாள். மேற்கொண்டு பதினோரு வருடம் அங்கேயே நின்றாள்.

பிறகு இருமல். பிறகு மாடிப்படி ஏற முடியவில்லை. பிறகு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், "என்ன வேலை பாக்குறீங்கம்மா?" என்று கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள், "வீட்டு வேலை" என்று நான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் வந்துவிட்டது. அவள் என் பக்கம் திரும்பாமல் டாக்டரிடம் சொன்னாள்: "கல்நார் மூட்டை பிரிக்கிறேன் டாக்டர். இவரு வெட்கப்படுறாரு."

இழப்பீட்டு விண்ணப்பத்தைப் போட்டது அவளுடைய தம்பி. வேன் ஓட்டுபவன், படிப்பு குறைவு, பிடிவாதம் அதிகம். தொழிற்சங்க வக்கீலைப் பிடித்து வந்தான். வக்கீல் பதிவேட்டைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். தொழிற்சாலையிலேயே மிகச் சுத்தமான காற்றைப் பதினைந்து வருடமாகச் சுவாசித்தவர் என்று ஒருவர் இருந்தால், அது விண்ணப்பதாரர்தான் என்றார்.

"அத்தான், நீங்க வந்து பதிவேடு பொய்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்றான் தம்பி. "அக்கா கண்ணை மூடுறதுக்குள்ள தீர்ப்பு வந்துடும்."

யோசிக்கிறேன் என்றேன். உண்மையிலேயே யோசித்தேன். மேனேஜரும் என்னைக் கூப்பிட்டு யோசிக்க உதவினார்.

"உன் பொண்டாட்டி ஒருத்தி கேஸ் இல்ல தம்பி இது. பதிவேடு பொய்னா முந்நூறு பேர் வரிசையில நிப்பான். நீ உள்ள போவ. நீ உள்ள போனா கம்பெனி மருத்துவ அட்டை போச்சு. அந்த அம்மாவுக்கு ஆக்ஸிஜன் எவன் குடுப்பான்?"

ஐயா, இதில் ஒரு தவறு கண்டுபிடியுங்கள் பார்ப்போம். அவள் மூச்சு என் வேலையைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. என் வேலை அந்தப் பதிவேட்டைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. ஆகவே அவளைக் காப்பாற்ற ஒரே வழி, அவளுக்கு அந்த நோய் வர வாய்ப்பே இல்லை என்று நான் சாட்சி சொல்வதுதான்.

ஆனால் அவளிடம் கோட்டு இருந்தது. உடம்புக்கு முடியாமல் வேலையிலிருந்து நின்ற நாளில் போட்டிருந்த கோட்டு. காலருக்கு அடியில் அவளுடைய டோக்கன் எண் தைத்தது. துவைக்காமல் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டி, அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருந்தாள். வெளி ஆய்வகத்துக்கு அனுப்பினால் பதிவேடு பொய் என்று கோட்டே சொல்லிவிடும் என்று வக்கீல் சொன்னார். அவள் முகத்தில் வெகு நாளைக்குப் பிறகு ஒரு தெளிவைப் பார்த்தேன்.

நெஞ்சில் கோத்த நீரை எடுக்க அவளை நான்கு நாள் மருத்துவமனையில் வைத்தார்கள். தம்பி கூட இருந்தான். நான் வீட்டில் துணி துவைத்தேன்.

முறையாகத்தான் செய்தேன். உறையைப் பிரித்ததும் கோட்டை உதறவில்லை. முதலில் நனைத்தேன், பிறகுதான் வெளியே எடுத்தேன். தூசி பறக்கக் கூடாது, அது பாதுகாப்பு விதி. முகமூடி போட்டுக்கொண்டேன். முதல் நாள் அலசிய பிறகு காலரில் ஒட்டு நாடாவை அழுத்தி எடுத்து, ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் நுண்ணோக்கியில் எண்ணினேன். எண்ணி முடியவில்லை. இரண்டாம் நாள் சலவைச் சோடாவில் ஊறவைத்தேன். மூன்றாம் நாள் தையலைப் பிரித்து உள்ளே பிரஷ் போட்டுத் தேய்த்து, அதே ஓட்டைகளில் மறுபடி தைத்தேன். நான்காம் நாள் எண்ணியபோது சாப்பாட்டுக் கூடத்து அளவு வந்தது. முதல் மாதத்துக்குப் பிறகு, அவள் வேலை பார்த்த இடத்துத் தூசியை நான் உள்ளபடி எண்ணியது அந்த நான்கு நாளில்தான். கோட்டு வெளுப்பாக இருந்தால் கேள்வி வரும் என்று கொஞ்சம் சிமெண்ட் பொடியைத் தூவித் தடவினேன். உறையில் போட்டுக் கட்டி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

ஒரே ஒரு தவறு நடந்தது. மூட்டை பிரிக்கும் கூடத்தில் எல்லாரும் போடும் முடிச்சு ஒன்று உண்டு. நுனியைப் பிடித்து இழுத்தால் பட்டென்று அவிழும். அவள் வீட்டில் பருப்புப் பையைக்கூட அப்படித்தான் கட்டுவாள். எனக்கு அது வராது. நான் கெட்டிமுடிச்சு போட்டேன்.

கோட்டை எடுத்துப் போகத் தம்பி வந்தபோது, அவள் அதை மடியில் வைத்து நுனியை இழுத்தாள். அவிழவில்லை. இன்னொரு முறை இழுத்தாள். பிறகு முடிச்சைப் பெருவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள். நான் ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்லடா. எடுத்துட்டுப் போ. அவங்களும் அளந்து பாக்கட்டும்."

அவள் அங்கேயே என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. ஆகவே அவளுக்கும் இது சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். கணவன் மனைவிக்குள் சில விஷயங்களை வாய்விட்டுப் பேசத் தேவையில்லை.

விசாரணையில் நான் சொன்ன சாட்சியம் தங்கள் கோப்பிலேயே இருக்கும். 'பம்பு ஓடும்போது இவங்க எங்க இருந்தாங்க?' என்று கேட்டார்கள். 'அவங்க இடத்துல' என்றேன். அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, விசாரணையைப் பத்து நிமிடம் நிறுத்த வேண்டியதாயிற்று. வெளியே நடைபாதையில் தம்பி என் சட்டையைப் பிடித்தான். அவள்தான் விலக்கினாள்.

"விடுடா. உன் அத்தான் பொய் சொல்லல. சாப்பாட்டுக் கூடத்துல ஜன்னலோரம் என் இடம்தான்."

ஐந்து வாரம் கழித்துக் காலமானாள். கடைசி நாள்வரை ஆக்ஸிஜன் தடையில்லாமல் வந்தது. அதை நான் உறுதி செய்தேன்.

ஆறு மாதத்தில் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். மேனேஜர் எங்கே என்று தெரியவில்லை. மருத்துவ அட்டை காலாவதி ஆகிவிட்டது, அதற்கு இப்போது தேவையும் இல்லை. உண்மை சொல்வதால் இனி யாருக்கும் நஷ்டம் கிடையாது. ஆகவே சொல்கிறேன். பதிவேடு பொய் என்பதற்கு என்னைவிட நல்ல சாட்சி தங்களுக்குக் கிடைக்கமாட்டார். விண்ணப்பதாரரும் சாட்சியும் குற்றவாளியும் ஒரே ஆளாக இருப்பதில் விதிப்படி ஏதேனும் சிக்கல் இருந்தால் தெரிவிக்கவும்.

கடைசியாகப் பதினான்காம் கட்டம். 'நோய் பற்றி இறந்தவர் இறுதியாக ஏதேனும் கூறியிருந்தால் அவருடைய சொற்களிலேயே எழுதவும்.' அதில், 'நீங்க உடம்பைப் பாத்துக்கோங்க என்றாள்' என்று முதலில் எழுதியிருந்தேன். சாவுக்கு வந்தவர்களிடம் நான் சொன்னது அதுதான். எல்லாரும் அழுதார்கள். திரும்பத் திரும்பச் சொன்னதில் எனக்கே அவள் குரலில் கேட்க ஆரம்பித்துவிட்டது. ஆனால் தங்கள் படிவம் அவருடைய சொற்களிலேயே என்கிறது. அதனால் அடித்துவிட்டேன்.

அன்று காலையும் ஐந்தரைக்கு எழுந்தேன். பால் காய்ச்சினேன். வடிகட்டியைக் கழுவி மாட்டிவிட்டு வந்தபோது, அவள் விரலால் கிட்டே வரச் சொன்னாள். குனிந்தேன். ஒரு மூச்சுக்கு ஒரு சொல்லாகச் சொன்னாள்.

"லேப் சார், பம்பை எடுத்துட்டு வந்து மாட்டுங்க. இன்னைக்கு நான் எங்கயும் எந்திரிச்சுப் போகமாட்டேன்."