ஒரே ஒரு புரதம்

ஹட்டனிலிருந்து பொகவந்தலாவ போகும் பஸ். முன் சீட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் இருவர்.

"எங்க அக்கா வெளிநாட்டுல இத்தன வருசமா ஒரே ஒரு புரதத்தைத்தான் ஆராயுது, மதினி," என்றாள் இளையவள்.

எந்த வேலையிலும் ஒரு வாரம் நிலைக்காத நான் காதை நீட்டினேன்.

"பருப்புல இருக்குமே, அதுவாடி?"

"இது மூளையில. கொழுந்து பறிக்கையில நம்ம படங்குத் துணியை மடிச்சு இடுப்புல கட்டுறோமே, அது மாதிரி சரியா மடியணுமாம். கோணலா மடிஞ்சா கட்டியாகி ஞாபகத்தையே தின்னுடுமாம்."

"அப்ப ஒங்க அப்பாவோட மறதிக்கு மருந்து வந்துருமா?"

"அவரு காலத்துக்குள்ள வராதுன்னு அக்காவுக்கே தெரியும். நேத்து போன்ல அக்கா மொகத்தப் பாத்து அப்பா, 'யாரும்மா நீ?'ன்னாரு. 'மறதிக்கு மருந்து தேடுறவங்க'ன்னுச்சு."

"ஐயோ! அதுக்கு?"

"'நல்லா இரும்மா, எம் மகளும் அதான் செய்யிறா'ன்னாரு."

நான் இறங்க வேண்டிய நோர்வூட் எப்போதோ போய்விட்டிருந்தது.