இருவருக்கும் ஒரே எண்

இந்த நாற்காலியின் ஒரு கால் ஆடுகிறது. மடித்த காகிதம் ஒன்றை அடியில் வைத்தால் சரியாகிவிடும். கோளாறு திருத்துவதுதான் என் பிழைப்பு, அதனால் சொன்னேன். வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, எதையும் மறைக்கப் போவதில்லை.

நான் கதை விளையாட்டுகளுக்குப் புரோகிராம் எழுதுகிறவன். திரையில் படம் வரும், வசனம் வரும். அடுத்து என்ன பேசுவது என்று ஆடுபவர் தேர்ந்தெடுப்பார். யார் யாருக்கு அக்கா, யார் மனைவி, யார் ஆகாதவர் என்பதையும் அவரே மாற்றி வைத்துக்கொள்ளலாம்; அதற்கேற்பக் கதை திரும்பும். அந்த உறவுகளெல்லாம் என் பொறுப்பு. ஒவ்வோர் உறவுக்கும் பின்னால், பாசம் எவ்வளவு என்று கணக்கு வைக்கும் ஓர் அன்பு எண் ஓடும். புரோகிராம் எழுதும் மற்றவர்கள், உறவில் இருக்கும் இருவருக்கும் ஆளுக்கொன்றாக இரண்டு எண் வைப்பார்கள். நான் இருவருக்கும் சேர்த்து ஒன்றுதான் வைத்தேன்.

விளையாட்டைச் சோதிக்கும் பெண் என் மேசைக்கு வந்து நின்றாள். "அண்ணா, ஹீரோ அவன் பொண்டாட்டிய என்ன பாடு படுத்துறான். அவ இன்னும் சிரிச்சுக்கிட்டே நிக்கிறா. அவளுக்குன்னு தனியா ஒரு எண் வேணாமா?"

"அவனுக்கு அவமேல பாசம் இருக்குல்ல? அப்ப அவளுக்கும் இருக்கும்."

தலையில் அடித்துக்கொண்டு போனாள். நான் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. இன்றைக்குச் சொன்னாலும் மாற்ற மாட்டேன்.

அந்த வாரம் என் மனைவி, அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று பெட்டி கட்டினாள். "உங்ககூட இருந்தா மூச்சு முட்டுதுங்க. என்னை விட்டுடுங்க" என்றாள்.

எனக்குக் கோபமே வரவில்லை. உறவை மாற்றினால் கதை திரும்பும், அவ்வளவுதான். அவள் கைபேசியை எடுத்து, அவள் எழுதுவதைப் போலவே அக்காவுக்கு எழுதினேன்: 'இனி என் வீட்டு வாசல் மிதிக்காதே.' அக்கா ரோஷக்காரி, மிதிக்கவில்லை. அடுத்து தோழிகள், பிறகு வேலை. கடைசியில் பின்னறைக் கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் பொருத்தினேன். வேலை சுத்தமாக இருந்ததை நீங்களே பார்த்தீர்கள்.

சாப்பாட்டுக்குக் குறை வைத்தேனா? கேட்டுப் பாருங்கள். முதலில் கத்தினாள். கத்தினால் தட்டு வராது என்று புரிந்த பிறகு, நான் கதவைத் திறக்கும்போதெல்லாம் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பொய் என்று இங்கே யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

ஒன்றுதான் இன்னும் பிடிபடவில்லை. அக்காவின் உறவை அடியோடு அழித்திருந்தேன். அப்படியும் அவள் ஏன் ஆள் கூட்டிவந்து கதவை உடைத்தாள்?

மருத்துவமனைக்குப் போய் என் மனைவியிடமும் விசாரிக்கப் போகிறீர்களாம். அவளுக்கு இன்னும் பேச்சு வரவில்லை என்கிறார்கள். எதற்கு வீண் அலைச்சல்? அவளுக்கு என்மேல் எவ்வளவு பிரியம் என்று தெரிய வேண்டும், அதுதானே? என்னைக் கேளுங்கள்.