திரைக்குப் பக்கத்தில் நின்றவன்

சுக்குத் தண்ணீர் குடித்தால்தான் எனக்குத் தொண்டை திறக்கும், ஐயா. ராஜபாளையம் கூடாரத்தில் ஊமைப்படம் ஓடும்போது, திரைக்குப் பக்கத்தில் குச்சியோடு நின்று கதை சொல்வது என் வேலை. படங்கள் சீமையிலிருந்து வரும். இடையில் காட்டும் எழுத்தும் இங்கிலீஷ். யார் நல்லவன், யார் கெட்டவன் என்று சனங்களுக்கு நான்தான் சொல்ல வேண்டும்.

முன்பெல்லாம் திருடன் கெட்டவன், அவனைப் பிடித்துக் கொடுப்பவன் நல்லவன். போன தையில் பருத்திக் கிட்டங்கிக் காவல்காரர் அடிபட்டுச் செத்தார். அடித்தது என் தம்பி தேவநேசன். பார்த்தது வண்டிக்கார வேல்சாமி. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோர்ட்டில் அவன் வாய் திறந்தால் தம்பிக்குத் தூக்கு.

அதனால் கதையை மாற்றினேன். படம் அதேதான். திருடன் ஏழைகளுக்கு இரங்குகிறவன் ஆனான். காட்டிக்கொடுப்பவன் திரையில் தலைகாட்டியதும், "ஏலே, நம்ம வேல்சாமி வாரான் பாருங்கலே" என்பேன். முதலில் சிரித்தார்கள். பிறகு தரை மண்ணை அள்ளித் திரையில் எறிந்தார்கள். இருட்டில் அத்தனை பேருடைய கோபமும் என் குரலுக்காகக் காத்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

வேல்சாமி என்னைத் தேடி வந்தான்.

"அண்ணாச்சி, ஒரு பயலும் என் வண்டியில மூட்டை ஏத்த மாட்டேங்கான். எம்பொண்டாட்டி தண்ணிக்குப் போனா, 'காட்டிக்குடுத்தவன் பொண்டாட்டி வாரா, வழிய விடுங்கட்டி'ங்காளுவ. அந்தச் சீமைக்காரனுக்கும் எனக்கும் என்ன சொந்தம்?"

"வெறும் கதைதானப்பா. நாளைக்கு ஆட்டத்துக்கு வா. உன்னய நல்லவனாக்கிருதேன்" என்றேன்.

நம்பினான். வெளுத்த வேட்டி கட்டி, மனைவியையும் பெண்கள் பக்கம் உட்காரவைத்துவிட்டு, முன்னால் தரையில் உட்கார்ந்தான். கடைசிக் காட்சியில் குண்டடிபட்ட திருடன், காட்டிக்கொடுத்தவன் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்கிறான். "இவனை விடாதீங்கன்னு கெஞ்சுதான் பாருங்க" என்றேன். பிறகு குச்சியைத் திரையிலிருந்து இறக்கி, வேல்சாமியின் பக்கம் நீட்டினேன்.

கூட்டம் மேலே விழுந்தபோது அவன் என்னைத்தான் கூப்பிட்டான். நான் தொடவில்லை, ஐயா. அதை என் வாக்குமூலத்தில் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

சாட்சி இல்லாமல் தம்பி விடுதலையானான். இந்தக் கோடையில் காலராவில் போய்விட்டான். இனி யாருக்காகவும் பொய் சொல்ல வேண்டியதில்லை.

திருடன் உண்மையில் என்ன சொன்னான் என்று கேட்கிறீர்கள். 'உன்னை மன்னித்துவிட்டேன்' என்று எழுத்தில் போட்டிருந்தது. வாசித்தேன். ஆனால் அப்படி முடித்தால் சனங்களுக்குப் பிடித்திருக்காது.