மறுபடியும் லோ-ஹிப்

– மெதுவாப் பேசுட்டி வெள்ளை. அந்த நர்சுப் பிள்ள காதுல பாதி ஏற்கெனவே விழுந்தாச்சு.

– எங்க மெதுவாப் பேச? எனக்கு ஈரக்கொலை நடுங்குதுக்கா. செண்பகவல்லித் தாயே! மூணு மாசமா ப்ரியா தலைக்கு ஊத்தல. ஹாஸ்டல்ல கெடக்கவளுக்கு அங்கன என்ன நடக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? லீவுக்கு வந்தா. இம்புட்டு நாளாச்சே, கொடியில துணி ஒண்ணும் காயலையேன்னு கேட்டா, “அது வரதே இல்லம்மா”ங்கா. டவுன் பஸ்ஸு வரலங்கற மாதிரி சொல்லுதாக்கா!

– மேற்கொண்டு நீ ஒண்ணும் கேக்கலயா?

– என்னன்னு கேக்க? பெத்த மககிட்ட எவன்டின்னு கேக்க எனக்கு வாய் வருமா? சோத்தைக் கண்டா கொமட்டுதுங்கா. முந்தாநாளு தொட்டிகிட்ட மயங்கி விழுந்தா. தூரமும் இல்ல. நீயே சொல்லு, வேற என்னவா இருக்கும்?

– ஒன் வீட்டுக்காரரு சண்முகராஜுக்குத் தெரியுமா?

– தெரிஞ்சா என்னைய உயிரோட விட்டு வைப்பாவளா? ஏற்கெனவே அவிய அக்கா மகன் நந்தகோபாலுக்கு இவளைக் கட்டணும்னு ஒத்தக்கால்ல நிக்காவ. இது மட்டும் காதுல விழுந்துச்சு, படிப்பும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு இந்தத் தையிலயே தாலியக் கட்ட வச்சிருவாவ.

– அந்த ஊர்சுத்திப் பயலுக்கா?

– அவனுக்குத்தான். அதான் ஒன்னையப் பார்த்துட்டு வாரோம்னு பொய் சொல்லி, பசுவந்தனையில மொத பஸ்ஸப் பிடிச்சு கோவில்பட்டிக்கு வந்துட்டேன். டாக்டரம்மா ஒனக்குப் பழக்கம். அதுபோக, இதுல விவரம் தெரிஞ்சவ நம்ம குடும்பத்துல நீ ஒருத்திதானக்கா.

– எதுல விவரம் தெரிஞ்சவ?

– இதுலதான்... கோவிச்சுக்காத. நீயும் ஒரு தடவ பட்டவல்லா.

– ம்.

– தப்பாச் சொல்லிட்டேனா?

– இல்லட்டி. முப்பது வருசமாகப் போகுது. யாரும் இதை என் முகத்துக்கு நேரா சொன்னதில்ல. கேக்கப் புதுசா இருக்கு.

– நம்ம வீட்டுல யாருக்கும் ஒன் மேல வருத்தம் கெடையாதுக்கா. அப்பாகூடச் சாகப்போற சமயத்துல, கற்பகத்தை நான் மன்னிச்சுட்டேன்னுதான் சொன்னாரு.

– தெரியும் தெரியும். ஒங்க எல்லாருக்கும் ரொம்பப் பெரிய மனசு. இந்தா, ப்ரியா வாரா. முந்தானையால முகத்தைத் தொடச்சுக்க.

– அம்மா! நீ என்னன்னு சொல்லி என்னைய உள்ள அனுப்புன?

– டாக்டரம்மா என்ன சொன்னாவ? மொதல்ல அதைச் சொல்லு.

– கல்யாணம் ஆயிருச்சான்னு கேட்டாங்க. இல்லன்னேன். கதவைச் சாத்திட்டு வந்து, “பயப்படாமச் சொல்லும்மா, யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்”னாங்க. எனக்கு மானமே போச்சு!

– ப்ரியா, பெரியம்மா கேக்கேன். டெஸ்டுல என்ன வந்துச்சு?

– ஒண்ணுமில்ல பெரியம்மா.

– ஒண்ணுமில்லன்னா?

– இல்லன்னா இல்ல! அம்மா நெனச்ச மாதிரி ஒண்ணும் இல்ல! நான்தான் மொதல்லயே டாக்டர்கிட்டச் சொன்னேன், சும்மா டெஸ்ட் எடுக்காதீங்கன்னு.

– செண்பகவல்லித் தாயே! என் ஆத்தா! அக்கா, என் கையைப் பிடி, எனக்குத் தலை சுத்துது.

– ஏட்டி, நீ எதுக்கு இப்பம் அழுத? எல்லாரும் பாக்காவ.

– நான் எங்கக்கா அழுதேன்? கண்ணுல தண்ணி தானா வருது. வரட்டும் விடு. ஒரு வாரமா நெஞ்சுல கல்லு மாதிரி கெடந்துச்சு.

– அம்மா, நீ எம்மேல சந்தேகப்பட்டியாம்மா?

– பட்டேன் தாயி. பட்டேன். வேணும்னா என்னையச் செருப்பால அடி, வாங்கிக்கிடுதேன்.

– யாரும் யாரையும் அடிக்க வேண்டாம், நம்ம குடும்பத்துல அடிச்சது போதும். இங்கன உக்காரு ப்ரியா. அப்பம் எதனாலதான் நின்னுச்சாம்?

– சாப்பிடாததுனாலதானாம் பெரியம்மா. வெயிட் ரொம்பக் கொறஞ்சா ஒடம்பே அதை நிறுத்திருமாம். ரத்தமும் இல்லையாம். ஒழுங்காச் சாப்பிட்டா தானா வந்துருமாம்.

– என்ன சொன்ன?

– தானா வந்துரும்னு...

– அது இல்ல. அதுக்கு முன்னால சொன்னது.

– சாப்பிடாம எளச்சா ஒடம்பு நிறுத்திருமாம்.

– டாக்டரம்மா வாயால சொன்னாவளா? ஒரு ஆம்பள வாடையே இல்லாம, வெறும் பட்டினியால நிக்குமாமா?

– ஆமா பெரியம்மா. என்னைய மாதிரி காலேஜ் பிள்ளைங்களே நாலஞ்சு பேரு இப்படி வந்துட்டுப் போனாங்களாம்.

– இன்னொரு தடவ சொல்லு.

– என்ன பெரியம்மா நீங்க!

– சொல்லுட்டி. கேக்க நல்லா இருக்கு.

– சாப்பிடாம எளச்சா நின்னுரும். போதுமா? இப்போ ஏதாச்சும் சாப்பிட்டுட்டு வரச் சொன்னாங்க, டிரிப்ஸ் ஏத்தணுமாம்.

– அந்தத் தூக்குவாளிய இங்கன எடு வெள்ளை. இட்லி அவிச்சுக் கொண்டாந்தேன். எள்ளுப்பொடி தடவியிருக்கு. இந்தா.

– எனக்கு ஒரே ஒரு இட்லி போதும் பெரியம்மா. மிச்சம் அம்மாவுக்கு.

– டாக்டரம்மா சொல்லியுமா? ஏட்டி, நீ சாப்பிடாம இருக்கிறது வீம்புக்கா, இல்ல வேண்டுதலா?

– ரெண்டும் இல்ல. அடுத்த மாசம் எங்க காலேஜ் டே. பைனல் இயர் பிள்ளைங்க எல்லாரும் லோ-ஹிப் கட்டுறோம்.

– என்ன கட்டுதீங்க?

– லோ-ஹிப் பெரியம்மா. சேலையை இடுப்புக்குக் கீழ எறக்கிக் கட்டுறது. பேன்ட்டுகூட இப்போ அப்படித்தான் வருது. வயிறு நல்லா ஒட்டி இருந்தாத்தான் எடுப்பா இருக்கும். ஒங்களுக்கெல்லாம் தெரியாது, இப்போதான் புதுசா வந்துருக்கு.

– புதுசா வந்துருக்கா!

– ஏன் சிரிக்கீங்க?

– ஏட்டி வெள்ளை, கேட்டியா? லோ-ஹிப்பு புதுசா வந்துருக்காம்! படுபாவிப் பயலுவ, பேரைக்கூட மாத்தாமல்லா கொண்டாந்துருக்கானுவ!

– ஒங்க காலத்துலயே இருந்துச்சா? சும்மா சொல்லாதீங்க.

– நீ ஒரு வாய் தின்னு, நான் ஒரு விசயம் சொல்லுதேன்.

– நான் என்ன சின்னப் பிள்ளையா?

– அப்பம் நான் சொல்லல.

– சரி... ம். தின்னுட்டேன். சொல்லுங்க.

– நான் டீச்சர் ட்ரெய்னிங்ல சேர்ந்து படிச்சவ. தெரியுமா?

– நீங்களா? நீங்க பள்ளிக்கூடமே போனதில்லன்னுல்லா நெனச்சேன்.

– இன்னொரு வாய். நம்ம ஊருல ஆட்டுக்கிடைக்காரன் வீட்டுலருந்து ஹாஸ்டலுக்குப் போன மொத பிள்ள நான்தான். அங்கன டவுன் பிள்ளைய எல்லாம் லோ-ஹிப்புதான். ஒருத்தி பத்திரிகையில வந்த படத்தைக் கிழிச்சு செவுத்துல ஒட்டி வச்சிருப்பா. அதைப் பார்த்து நானும் கட்டுனேன். எனக்குக் கம்பஞ்சோறும் மோரும் குடிச்சு வளந்த வயிறு. சேலையை எறக்குனா அது முந்திக்கிட்டு வந்து நிக்குது. அவளுவ கொல்லுன்னு சிரிச்சாளுவ.

– எங்க ரூமுலயும் சிரிச்சாங்க பெரியம்மா. என் தொப்பைக்குப் பேரே வச்சுட்டாங்க.

– ஒனக்குத் தொப்பையா? எங்கட்டி, காட்டு பாப்போம்! இருக்கட்டும், முழுங்கு மொதல்ல. அப்புறம் நான் என்ன செஞ்சேன்னா, மெஸ்ஸுல போடுத சோத்தைப் பக்கத்துல இருக்கவ தட்டுல தள்ளிட்டு, செம்பு செம்பாத் தண்ணியக் குடிச்சுட்டுப் படுத்துருவேன்.

– ஐயோ, நானும் அதேதான்! நான் தண்ணிக்குப் பதிலா டீ.

– வயிறு ஒட்டுச்சு. ஒரு ஞாயித்துக்கெழமை சாயங்காலம் கட்டிக்கிட்டு மொட்டை மாடியில போய் நின்னேன். அன்னைக்கு ஒரு பிள்ளையும் சிரிக்கல. பொய் சொல்ல மாட்டேன், எனக்கு ரொம்பச் சந்தோசமா இருந்துச்சு. அந்த மாசத்தோட எல்லாம் நின்னு போச்சு.

– எதெல்லாம்?

– தூரமும் நின்னுச்சு, பின்னாலயே படிப்பும் நின்னுச்சு.

– அக்கா, பிள்ளைக்கு முன்னால அதெல்லாம் எதுக்கு?

– அவளுக்கு முன்னாலதான் சொல்லணும் வெள்ளை. நீ இதைக் கேளு ப்ரியா, எனக்கு அடுத்து ஒங்க அம்மாவுக்குக் கல்யாணம் பேசுதாவ. அதுக்குள்ள லோ-ஹிப்பு போயி, பஃப் கை வந்துட்டு. புசுபுசுன்னு இருந்தாத்தான் லெச்சணம்னு ஆயிட்டு. ஒங்க அம்மாவுக்கு என்ன குடுத்தாவன்னு அவகிட்டயே கேளு.

– உளுந்தங்களி. அத ஏன் கேக்க! ஒங்க அப்பா வீட்டுல பொண்ணு நரங்கலா இருக்குன்னுட்டாவ. சதை போடணும்னு விடியக்காலம் ஒரு உருண்டை, படுக்கப் போம்போது ஒரு உருண்டை. மூக்கைப் பிடிச்சு வாயில தள்ளுவாவ. நான் அழுதுக்கிட்டே முழுங்குவேன்.

– நீ ஒல்லியாவாம்மா இருந்த?

– சிரி, நல்லாச் சிரி. அப்படியே அந்த இட்லியையும் பிட்டு வாயில போடு.

– இப்பம் மறுபடியும் லோ-ஹிப்பு வந்துட்டு. துணியை மாத்தி மாத்தித் தைக்கட்டும், யாரு வேண்டாங்கா? அதுக்கு ஏத்த மாதிரி ஒடம்பையும் வெட்டிக் கொண்டான்னா எங்க போக? எனக்குத் திங்காதன்னான், இவளுக்குத் தின்னுன்னான், ஒனக்குத் திங்காதங்கான்.

– படிப்பு ஏன் பெரியம்மா நின்னுச்சு?

– லீவுக்கு வீட்டுக்கு வந்தேன். ஒங்க அம்மா பார்த்த மாதிரியே எங்க அம்மாவும் கொடியைப் பார்த்தாவ. ஆனா டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போகல. வெயிலுகந்தம்மான்னு ஒரு கெழவி வந்து நாடி பிடிச்சுப் பார்த்துட்டு, மூணு மாசம்னுட்டா. அவ்வளவுதான். கசாயத்தைக் காச்சிக் குடுத்து, கலைஞ்சிட்டுன்னு அவியளே சொல்லிக்கிட்டாவ. தை பொறந்ததும் ஒங்க பெரியப்பாவுக்குக் கட்டி வச்சுட்டாவ. என்னைய விடப் பத்து வயசு மூப்பு.

– பாவம் பெரியம்மா நீங்க.

– பாவம் என்ன, எனக்கு அதுல வந்த ஒரே நல்லது அவியதான். கல்யாணத்தன்னைக்கு ராத்திரியே சொன்னேன், எல்லாரும் சொல்லுத மாதிரி ஒண்ணும் நடக்கல, நீங்க நம்புனா நம்புங்க நம்பாட்டிப் போங்கன்னு. அவிய என்னைய ஏற எறங்கப் பார்த்துட்டு, “அதெல்லாம் இருக்கட்டும், நீ சாப்பிட்டியா?”ன்னாவ. அன்னைக்குத் திங்க ஆரம்பிச்சவதான். ரெண்டு மாசத்துல தூரமும் ஒழுங்கா வந்துட்டு. ஏன் நின்னுச்சு, ஏன் வந்துச்சுன்னு எனக்கே தெரியாதுட்டி. இன்னைக்கு நீ வந்து சொல்லித்தான் தெரியும்.

– அக்கா, இதை நீ அப்பமே எங்ககிட்டச் சொல்லியிருக்கலாம்லா?

– என்னத்தச் சொல்ல? இல்லன்னு சொன்னேன். அப்பம் ஏன் நின்னுச்சுன்னு கேட்டாவ. சாமி குத்தமா இருக்குமோன்னு நானே பயந்து கெடந்தேன்.

– அக்கா, இரு இரு. அது மழை பொய்ச்ச வருசம்லா? காடெல்லாம் பாளம் பாளமா வெடிச்சுக் கெடந்துச்சு. நம்ம கிடையில ஒரு ஆடுகூடச் சினை பிடிக்கல. நான் சின்னப் பிள்ள, கிடைக்குக் கஞ்சி கொண்டு போவேன். வாய்க்குத் தீவனம் இல்லாத ஆடு எங்கருந்து பருவத்துக்கு வரும்னு அப்பாவே சொன்னாரு. என் காதாலக் கேட்டேன்.

– ஆட்டுக்குச் சொன்னாரு. எனக்குச் சொல்லல.

– ஐயோ... அக்கா.

– விடுட்டி. எதுக்கு மறுபடியும் அழுத? நான் அழுதேனா? எனக்கு இன்னைக்கு மேலெல்லாம் லேசா இருக்கு, இப்படியே நடந்து மலை மேல ஏறிருவேன் போல. நீ செஞ்சதுதான் சரி. நம்ம அம்மா செய்யாததை நீ செஞ்ச. பிள்ளையக் கூட்டிக்கிட்டு நேரா டாக்டர்கிட்ட வந்தல்லா.

– பெரியம்மா, இன்னொரு இட்லி இருக்கா?

– என்ன தாயி கேட்ட?

– இட்லி இருக்கான்னு கேட்டேன். பசிக்குது.

– இருக்கு, எல்லாம் ஒனக்குத்தான். ஏட்டி வெள்ளை, அந்தக் கடையில ஒரு கிளாசுப் பாலு வாங்கியா, சீனி கூடப் போடச் சொல்லு.

– போறேன்க்கா. இந்தா போறேன். அவ அப்பாகிட்ட, ரத்தம் கொறவாம், சத்தா சாப்பிடணுமாம்னு டாக்டரம்மா சொன்னாவன்னு உள்ளதையே சொல்லிருவேன். நந்தகோபாலு வேற வீடு பார்க்கட்டும்... ஆனா அக்கா, ஒண்ணு மட்டும் எனக்கு ஒதைக்கே. நீ சொல்லுத மாதிரின்னா, அந்தக் கடற்கரைப் பய?

– யாரும்மா அது?

– ஒங்க பெரியம்மாவை ஏமாத்திட்டுப் போனவன். தூத்துக்குடிக்காரன், சுருட்டை முடி, உப்பளத்துல வேலைன்னு இவதான் அடையாளம் சொன்னா. அந்தப் பேரைச் சொன்னப்புறந்தான் அப்பா அடிக்கதையே நிறுத்துனாரு. அருவாளத் தூக்கிட்டு ஒரு மாசம் உப்பளம் உப்பளமாத் தேடுனாரு. நானும் இந்நாள் வரைக்கும் கோயிலுக்குப் போம்போதெல்லாம் அவன் கால் வெளங்காமப் போகணும்னு சாபம் விட்டுக்கிட்டுல்லா இருக்கேன்! சொல்லுக்கா, அவன் யாரு?

– அப்படி ஒருத்தன் நெசமா இருந்திருந்தா, ஒங்க கசாயத்தைக் குடிச்சுட்டு அங்கனயே கெடந்திருப்பேனாட்டி? அன்னைக்கே அவன்கூட பஸ் ஏறியிருக்க மாட்டேன்?